ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு முட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை ஒரு நாள் எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து பத்து நாளாகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு மரபுப் பண்ணைக்கு, அதாவது பழைய கால்நடை இனங்களையும் கருவிகளையும் காத்து வைத்துக் காட்டும் பண்ணைக்கு, போவதாக இருந்தோம். பார்த்துவிட்டு எழுதினால் உனக்கு உதவியாக இருக்குமென்று பதிலைத் தள்ளிப்போட்டேன்.

அம்மா, மனைவி, மகன், மருமகள், பேரன், பேத்தி, நான் என்று ஏழு பேர் கிளம்பினோம். மாட்டுக் கொட்டகை, ஏர்க்கருவிகள், கொல்லர் உலை, மாவரைக்கும் கல், ஆட்டுப்பட்டி என்று பார்க்க வேண்டியவற்றை மகன் நேரம் குறித்துத் தாளில் எழுதி வைத்திருந்தான். உள்ளே நுழைந்ததும் கோழிக் கொட்டகைக்குள் போனோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

அங்கே கண்ணாடி முகப்பு வைத்த ஒரு சிறிய இன்குபேட்டர், முட்டைகளைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி, இருந்தது. அதில் ஒரு முட்டையின் பருத்த முனைக்குச் சற்றுக் கீழே, மிளகளவுக்கு ஓடு பெயர்ந்து, அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தன. முந்தைய நாள் இரவே ஓடு கீறிவிட்டது என்றார் அங்கிருந்த பெண்மணி. கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு. பொரியும் தறுவாயில் குஞ்சு பருத்த முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. பிறகு அலகின் நுனியில் முளைத்திருக்கும் சிறு முள் போன்ற பல்லால் ஓட்டைக் கொத்துகிறது. பொரிந்த சில நாளில் அந்தப் பல் உதிர்ந்துவிடுமாம். அம்மா கண்ணாடி அருகே காதை வைத்து, "உள்ளேயிருந்தே கத்துகிறது, கேட்கிறதா?" என்றார். அதன்பின் பேத்தி அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

குஞ்சு கொஞ்சம் கொத்தும், வெகு நேரம் ஓய்ந்து கிடக்கும், மறுபடியும் கொத்தும். பொறுக்கமாட்டாமல் பேரன், ஓட்டை நாமே உரித்துவிடலாமே என்று கேட்டான். அந்தப் பெண்மணி சொன்ன விளக்கத்தை உனக்கும் எழுதத் தோன்றுகிறது. ஓட்டின் உட்புறச் சவ்வில் குஞ்சின் இரத்த நாளங்கள் இன்னும் உயிரோடு இருக்கும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துபோகலாம். இழுத்துக்கொண்ட அந்தக் கருவைக் கொண்டே, பொரிந்து வெளிவந்த குஞ்சு இரண்டு நாள் வரை தீனி இல்லாமலே தாக்குப்பிடிக்கும். பேரன் அதைக் கேட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் விரிசல் முட்டையை வட்டமாகச் சுற்றி வந்தது. உள்ளிருந்து ஓர் உந்தல், மூடி போல மேலோடு விலகியது. நனைந்து ஒட்டிய இறகோடு கழுத்தைக்கூடத் தூக்க முடியாமல் அது கிடந்த கிடப்பைப் பார்த்து என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் மகனே தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டான். ஆட்டுப்பட்டியில் கைக்கத்தரியால் உரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செம்மறியின் உரோமம் முழுவதும் கிழியாமல் ஒரே போர்வையாகக் கழன்று வந்தது. அதைத் தொட்ட பிள்ளைகளின் கைகளில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டது. அதுதான் லானோலின், களிம்புகளில் சேர்ப்பது. உலையையும் மாவுக்கல்லையும் போகிற போக்கில் பார்த்தோம்.

மாட்டுக் கொட்டகையில்தான் என் மனம் நின்றது. அங்கிருந்தவை பழைய உழவு இனத்து மாடுகள். பால் குறைவு, ஆனால் மட்டமான மேய்ச்சலிலும் உடம்பு தளராமல் நிற்குமாம். கொட்டகைச் சுவரில் பழங்கலப்பை ஒன்று மாட்டியிருந்தது. எண்ணெய் பூசித் துடைத்து வைத்தால் கலப்பை நூறாண்டு அப்படியே இருக்கும். மாட்டினத்தை அப்படி மாட்டி வைக்க முடியாதே. தலைமுறைதோறும் கன்று ஈன வேண்டும், அதை வளர்க்க ஒருவர் வேண்டும். உணவு, வேளாண்மைக்கான ஐ.நா. அமைப்பு 2007இல் வெளியிட்ட உலக அறிக்கையில், கால்நடை இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அழியும் நிலையில் இருப்பதாகவும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் மாதத்துக்கு ஓர் இனம் வீதம் மறைந்துவந்ததாகவும் சொல்லியிருந்தது. பிரிட்டனில் அரிய இனங்களைக் காப்பதற்கென்றே 1973இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். எண்ணிக்கையாகப் படித்தபோது எனக்கு உறைக்காத செய்தி, அசைபோட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்த அந்தச் செவலைப் பசுவின் முன்னால் நின்றபோது உறைத்தது. நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அதன் தீவனத்துக்குப் போகிறது என்பது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

நீ போகும்போது ஒன்றைக் கவனித்துக்கொள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வேறொரு பண்ணைக்குப் போயிருந்தோம். அங்கே முயல்களைக் காலையிலிருந்து மாலை வரை ஒரு பிள்ளையின் மடியிலிருந்து இன்னொரு பிள்ளையின் மடிக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விலங்குக்கு ஒதுங்க இடமும் ஓய்வு நேரமும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடு. தொட்ட கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவச் செய். கைக்குத் தேய்க்கும் திரவம் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. உன் மனைவிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப்போ. அம்மாவுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. எங்கே வேண்டுமோ அங்கே விரித்து உட்கார்ந்துகொண்டார். பால் கறக்கும் நேரத்தையும் கேட்டறிந்து போவது நல்லது.

மறுநாள் விடிந்ததும் பேத்தி என்னை எழுப்பிக் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, குஞ்சுக்கு இறகு காய்ந்திருக்குமா?" என்பதுதான். தொலைபேசியில் விசாரித்துச் சொன்னேன்: காய்ந்துவிட்டது, நடக்கவும் தொடங்கிவிட்டது.

நீங்கள் என்றைக்குப் போகிறீர்கள் என்று எழுது. முடிந்தால் நாங்களும் வருகிறோம்; அந்தக் குஞ்சை மறுபடி பார்க்க வேண்டும் என்று பேத்தி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்