மரக் கைவினைஞர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தையில் எது விற்கிறது, எது மூட்டையோடு திரும்புகிறது என்பது பற்றியே இவ்வறிக்கை.

ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டு வைத்தோம். கொண்டுபோன எண்ணிக்கை, கையில் எடுத்துப் பார்த்தவர், விலை கேட்டவர், வாங்கியவர் என நான்கு கட்டங்கள். பலர் எடுத்துப் பார்த்து, விலை கேட்டதும் கீழே வைத்தால் விலையில் கோளாறு. யாருமே கையில் எடுக்கவில்லையென்றால் பொருளே அந்த இடத்துக்கு உரியதல்ல. விற்ற தொகையை மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு தெரியாது.

வாரச்சந்தையில் நிற்காமல் போவது அடுப்படிச் சாமான்தான். அதிலும் மோர் கடையும் பெரிய மத்தைவிட ஒன்பது அங்குலக் கீரை மத்து. மிக்ஸி உள்ள வீட்டிலும் கீரைக்கும் பருப்புக்கும் மத்து வேண்டியிருக்கிறது. வைரம் பாய்ந்த பூவரசு இதற்கு ஏற்றது. தலையும் காம்பும் சேரும் கழுத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும். கடைசல் எந்திரத்தில் ஏற்றுமுன் ரேகை நீளவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். உணவு படும் சாமானுக்கு வார்னிஷ் வேண்டாம், தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் போதும். ஓரிரவு தண்ணீரில் போட்டு, சாயமும் வெடிப்பும் இல்லாததை மட்டும் கடைக்கு அனுப்புங்கள்.

விலை போடும் முறைக்கு ஓர் உதாரணக் கணக்கு: மரம் 15 ரூபாய், இருபது நிமிட வேலை 25, உப்புத்தாள் மெழுகு 5, பஸ்சும் தரைவாடகையும் 10, ஆக 55. பத்தில் ஒன்று வெடித்துக் கழியும் என்று வைத்தால் அடக்கம் 61. இதை 60-க்குக் கொடுத்துவிட்டு நன்றாக விற்றது என்று சொல்வதில் பொருளில்லை.

ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுத்துப்போகும் சின்ன மரத்தேரான சப்பரத்துக்குக் காலமே முதல். ஆனிக் கடைசிக்குள் சரக்கு தயாராக வேண்டும். பதினெட்டாம் பெருக்கு முடிந்த மறுநாள் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கிளையைக் குறுக்கே வட்டமாக அறுத்துச் சக்கரம் போட்டவை நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்தன. உலரும்போது மரம் சுற்றுவாட்டில் அதிகம் சுருங்குவதால் இது தவிர்க்க முடியாதது. பலகையிலிருந்து சக்கரம் வெட்டுங்கள். அச்சுக்கு வெறும் ஆணி அடித்தால் துளை தேய்ந்து சக்கரம் ஆடும், இரும்புக் கம்பி கோக்கலாம். மேல்கூண்டைக் கழற்றி மடிக்கும்படி செய்தால் இருசக்கர வண்டியில் வருபவரும் வாங்குவார்.

புரட்டாசியில் கொலுவுக்கு மரப்பாச்சி ஜோடியாகவே போகிறது, ஒற்றையை யாரும் கேட்பதில்லை. மரப்பாச்சிக்கு வழக்கமான செம்மரத்தை உரிய ஆவணமின்றி வாங்கவோ விற்கவோ கூடாது. பூவரசு வைரத்தில் செய்து, பூவரசு என்று சொல்லியே விற்போம். குழந்தைகள் வாயில் வைப்பார்கள், பெயின்ட் வேண்டாம்.

சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியில்தான் கல்யாண மணை நகர்கிறது. பலகை கோணாமலிருக்க அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். அதை இறுக ஒட்டிவிட்டால் பலகை சுருங்க வழியின்றிப் பிளக்கும். புறா வால் போல் விரிந்த காடியில் (வாலிணைப்பில்) ஒட்டாமல் தளர்வாக நுழைப்பதே சரி.

திருவாரூர் ஆழித்தேர் போன்ற கூட்டத்துக்கு நடைவண்டி ஏற்றிப்போவது வீண் சுமை. அந்த நெரிசலில் அதை யார் தூக்கிப்போவது? பம்பரம் கொண்டுபோங்கள். வேளாங்கண்ணிக்கு வருபவர்கள் வெளியூர்க்காரர்கள், பைக்குள் அடங்கும் சின்னச் சாமான்தான் அங்கே பார்க்கிறார்கள். இரண்டடிச் சாமி சிற்பத்தைச் சந்தையில் வைத்தால் படம் எடுத்துப் போவார்களே தவிர வாங்குவதில்லை. அரும்பாவூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் மரச்சிற்பத்தில் புவிசார் குறியீடே உண்டு. சிற்பம் தேடுபவர் அங்கே போகிறார். நமக்கு அது ஆர்டர் வேலை, கடைச் சரக்கல்ல.

திரும்பி வந்தவற்றில் பெரும்பாலும் பூச்சி, பூஞ்சை. மா, வாகை மரங்களின் வெளிப்புற வெள்ளைப்பகுதியை விட்டு வைத்தால் உளுத்து மாவு கொட்டும். வெறும் அலங்காரத்துக்கு வைக்கும் பொம்மைக்கும் சாமானுக்கும் பத்து லிட்டர் நீரில் 200 கிராம் போரிக் அமிலம், 300 கிராம் போராக்ஸ் கரைத்து ஊறவைத்து உலர்த்தலாம். அடுப்படிச் சாமானுக்கும் வாயில் வைக்கும் பொம்மைக்கும் இது கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தவை எல்லாம் பூஞ்சை பூத்துப்போயின. தாளில் சுற்றினால் போதும். பச்சை மரம் வாங்கியதும் இரு முனைகளிலும் மெழுகு பூசிவிட்டால் முனை வெடிப்பு வெகுவாகக் குறையும்.

அடுத்த ஆடிக்கான பலகையை இப்போதே அறுத்து நிழலில் அடுக்கினால்தான் காயும். யார் எத்தனை சப்பரம் செய்வது, சங்கக் கொட்டகையில் யாருடைய மரத்துக்கு எவ்வளவு இடம் என்பதை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்