நாடக நடிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டார நாடக நடிகர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பேச்சு, குரல் சிகிச்சையைத் தொழிலாகக் கொண்டவள் நான். சித்திரை, வைகாசித் திருவிழாக்கள் முடியும் தறுவாயில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து என்னிடம் வரும் நடிகர்கள் பலருக்கு மேல் ஸ்தாயி நழுவிப்போயிருக்கும். வசனம் பாதி காற்றாகவே வெளிவரும். அவர்கள் வந்து சேர்வதற்குள் பாதிப்பு முற்றிவிடுகிறது. தொண்டை கெட்டுவிட்டது என்ற பேச்சு வெளியில் பரவினால் அடுத்த நாடகம் கைவிட்டுப் போகும் என்ற அச்சமே இந்தத் தாமதத்துக்குக் காரணம். அதைப் போக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

சாதாரணமாகப் பேசும்போதே பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை மோதிப் பிரிகின்றன; சுருதி ஏற ஏற இந்த எண்ணிக்கையும் ஏறும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை நடக்கும் வள்ளி திருமண நாடகத்தில் நாரதரோடும் வேலனோடும் தர்க்கம் செய்யும் ஸ்திரீபார்ட்டின், அதாவது கதாநாயகி வேடம் கட்டுபவரின், நாண்கள் எத்தனை இலட்சம் முறை மோதும் என்று எண்ணிப் பாருங்கள். மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறுவது போல, மோதல் மிகும் இடத்தில் இரு நாண்களிலும் சிறு முடிச்சுகள் எழும்புகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை. பேசும் முறையையும் மூச்சையும் திருத்தும் பயிற்சியிலேயே வற்றிவிடும். ஆனால், உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் அறுந்தால் நாணுக்குள் இரத்தம் கசிந்திருக்கக்கூடும். அந்த இரவில் ஊசி போட்டுக்கொண்டு மீதி நாடகத்தை ஓட்டுவது குரலையே பணயம் வைப்பதாகும். உடனே வாய் மூடி இருப்பதுதான் அப்போதைய மருந்து.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் ஆகியவற்றை நான் குறை சொல்லவில்லை. அவை தொண்டைக்கு இதமளிக்கும். ஆயினும் விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய்க்குள் போகிறதே தவிர, மூச்சுக்குழாயின் வாயிலில் இருக்கும் நாண்களைத் தொடுவதில்லை. நள்ளிரவில் பரோட்டா சால்னா சாப்பிட்டு உடனே சாய்ந்து படுத்தால் மேலேறி வரும் அமிலம்தான் அந்த இடத்தை எட்டிப் புண்ணாக்கும்.

சென்ற பருவத்தில் வந்த ஸ்திரீபார்ட் நடிகை ஒருவருக்கு, அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஒரு ஸ்ட்ராவை அமிழ்த்தி, அதன் வழியாக ‘ஊ’ என்று குரல் கொடுக்கச் சொன்னேன். முதலில் தண்ணீர் டம்ளருக்கு வெளியே தெறித்தது. நாலைந்து முறைக்குப் பின் குமிழிகள் அடங்கி ஒரே சீராக வந்தன. “தொண்டையில ஒண்ணுமே பிடிக்கல டாக்டரம்மா” என்றார் வியப்போடு. ஸ்ட்ராவுக்குள் எதிர்த்து நிற்கும் காற்றழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால் அவை அடித்துக்கொள்ளாமல் அதிர்கின்றன. அந்த இலகு கைவந்த பின் வாய் மூடி முனகல், பிறகு பேச்சு, கடைசியாகத் தினைப்புனத்து ஆலோலப் பாட்டு என்று படிப்படியாக ஏற்றினோம். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்; அதுவரை இரவு முழுக்கப் பாடக் கூடாது. குரல் அவருக்குத் திரும்பி வந்தது. ஆனால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்ததோடு, அந்த ஊர்களின் மறு ஆண்டு நாடகங்களும் வேறொருவருக்குப் போய்விட்டன.

இதைத் தடுக்க உங்களால் முடியும். வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் கூடி நடத்துவது ஸ்பெஷல் நாடகம் என்பதால், மருத்துவச் சான்று காட்டும் நடிகருக்குப் பதிலாகச் சங்கமே மாற்று நடிகரை அனுப்புவது கடினமன்று. குணமானதும் அந்த ஊர் நாடகம் அவருக்கே திரும்பும் என்று தீர்மானம் போட்டுவிட்டால், நடிகர்கள் நோயை மறைக்க மாட்டார்கள். சிகிச்சைக் காலத்துக்கு நலநிதியிலிருந்து ஒரு தொகை தர முடிந்தால் இன்னும் நல்லது.

மேடையிலும் இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று உயர்ந்த கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், பாடினார்கள். இன்று மைக் முன்னால் நிற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குரல் தேறிவரும் நடிகருக்காக அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி வாசிக்க ஆர்மோனியக் கலைஞர்கள் முன்வர வேண்டும். இரண்டாவது, தன் குரல் தன் காதில் விழாதபோது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் இதை 1911இல் எழுதிவைத்தார். ஆர்மோனியமும் டோலக்கும் அருகில் முழங்க, ஸ்பீக்கர்களெல்லாம் ஜனங்களைப் பார்த்திருக்கும் நம் மேடையில் நாள்தோறும் நடப்பது அதுதான். நடிகரை நோக்கி ஒரு சிறிய மானிட்டர் பெட்டி வைக்க வேண்டும் என்பதை ஊர்க்காரர்களுடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்; சவுண்டு சர்வீஸ்காரர்களுக்கு அது பெரிய செலவன்று.

கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைப் பார்த்துக்கொள்ளாமல் எவரும் மேடையேற வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். உலகக் குரல் நாள் ஏப்ரல் 16. அது நமக்கு நாடகப் பருவம், எவராலும் வர இயலாது. ஆகவே நாடகங்கள் குறையும் மழை மாதங்களில் ஒரு நாளைக் குறித்துத் தாருங்கள். சங்கக் கட்டடத்துக்கே வந்து, கட்டணமின்றி ஒவ்வொருவரின் குரலையும் சோதித்துப் பயிற்சி கற்பிக்கிறேன்.

இப்படிக்கு,
குரல் சிகிச்சையாளர் ஒருவர்,
மதுரை.