1912-க்குப் பிறகும் வ.உ.சி. வாழ்ந்தார்

ஆசிரியருக்கு,

வணக்கம். சுதந்திர தின இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்றைய பிள்ளைகளுக்குத் தியாகிகளின் பெயர்கூடத் தெரிவதில்லை, தேசப்பற்று குறைந்துவிட்டது என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருக்கிறார். பெயர் தெரியாதது வருத்தம்தான். ஆனால் பெயரை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த எங்கள் தலைமுறைக்கு அந்த மனிதர்களைப் பற்றி எவ்வளவு தெரியும்? நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் பக்கத்து மனிதரான வ.உ.சிதம்பரம் பிள்ளையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி நாட்களில் வ.உ.சி. என்றால் இரண்டே காட்சிகள். ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. பேச்சுப் போட்டியில் 'செக்கிழுத்த செம்மல்' என்று குரலை உயர்த்தினால் கைதட்டல் நிச்சயம். சிவாஜி கணேசன் அவராக நடித்த படத்தைப் பார்த்துவிட்டு அழாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. 1972-ல் அவருடைய நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். வந்த உறைகளிலிருந்து அதைத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரம் கிழியாமல் உரித்து, நோட்டில் ஒட்டி வைத்தவன் நான். அதற்கு முந்தைய வருடம்தான் பாகிஸ்தானுடன் போர் நடந்து முடிந்திருந்தது. அந்த வயதில் தேசப்பற்று என்றால் ஒரு எதிரி இருந்தே ஆக வேண்டும். வ.உ.சி. வெள்ளைக்காரனை எதிர்த்தார். வேறென்ன தெரிய வேண்டும்?

அப்புறம் தபால் துறையில் வேலை, குடும்பம், கடன். இதற்கெல்லாம் பிறகுதான் சாவகாசமாகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டவர்கள் அவரோடு நின்ற மற்றவர்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-ல் தொடங்கியது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். இவர்கள் யாரும் எங்கள் பேச்சுப் போட்டிகளில் வந்ததில்லை.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் அவருடைய சக போராளி சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். அப்போது ஊரே ஒன்றுசேர்ந்தது. ஒரு வக்கீலுக்குச் சவரம் நடந்துகொண்டிருக்கிறது. அவர் சர்க்கார் பக்கம் பேசுகிறவர் என்று தெரிந்ததும், நாவிதர் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுக் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த நாவிதரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. அன்றாடக் கூலியில் பிழைக்கிற மனிதர் அன்றைய வருமானத்தை வேண்டாம் என்று போனாரே, அதைவிடப் பெரிய தேசப்பற்றை நான் பார்த்ததில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நான் வேலை பார்த்த துறையின் ஆபீசும் அன்று தீக்கிரையானது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்த நால்வரையும் எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

வயதாக ஆக எல்லா நாயகர்களும் உயர்ந்துகொண்டே போவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மணியாச்சி ஜங்ஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் பெரியவர்கள் "இங்கதான் வாஞ்சி ஆஷ் துரையைச் சுட்டாரு" என்று காட்டுவார்கள். எங்களுக்கு மயிர் கூச்செறியும். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அதை முழுதாகப் படித்தபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. சனாதன தருமம் மிதிபடுகிறது என்ற கோபமும், பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜை மிலேச்சன், மாட்டிறைச்சி தின்பவன் என்று இழித்துப் பேசும் சொற்களும் அதில் இருக்கின்றன. உயிரைக் கொடுத்த 25 வயது இளைஞனை எண்ணி இன்றும் மனம் கனக்கிறது. அந்தக் கடிதத்துக்கு என்னால் வணக்கம் வைக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வ.உ.சி. விஷயத்தில் நடந்தது நேர் எதிர். எங்கள் பாடப் புத்தகம் ஜெயில் வாசலோடு முடிந்துவிடும். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு வயது நாற்பது. அதற்கு மேல் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். கப்பல் கம்பெனி அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னது போயிருந்தது. வாசலில் பெரிய கூட்டம் எதுவும் இல்லை. கூடச் சிறைப்பட்ட சிவா தொழுநோயோடு வெளியே வந்திருந்தார்.

சென்னையில் குடும்பத்தோடு வ.உ.சி. பட்ட பாட்டை, 1915-ல் அவருக்கும் காந்திக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் பார்க்கலாம். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததா என்று காந்தி கேட்கிறார். இல்லை என்கிறார் இவர். இன்றைய நிலைமையில் அந்தப் பணம் வேண்டாம் என்று சொன்னால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தவறு செய்தவனாவேன் என்று எழுதுகிறார். மாதக்கணக்கில் கடிதங்கள் போகின்றன, வருகின்றன. கடைசியில் 1916 தொடக்கத்தில் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா.

இதை வைத்துக் காந்தியை ஏசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. மாதப் பிறப்பில் மணியார்டர் கவுண்டருக்கு வெளியே நின்று, "எம் பேருக்கு ஏதும் வந்திருக்காய்யா?" என்று கேட்கிற தாய்மார்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். கேட்பதற்கு முன்னால் அவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் வரும். கப்பல் கம்பெனி நடத்திய மனிதர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். நின்றும், கூசாமல் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். செக்கிழுத்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது.

சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. இருபது வயதில் இது காதில் விழுந்திருந்தால் எனக்குக் கசந்திருக்கும். இன்று இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. வெள்ளை ஆட்சியோடு கடைசி வரை அவருக்குச் சமாதானம் இல்லை. நல்லது செய்த மனிதரின் பெயரை வீட்டுக்குள் கூப்பிட அது தடையாகவும் இல்லை.

எங்கள் கோவில்பட்டிக் கோர்ட்டிலும் அவர் வக்கீல் தொழில் பார்த்தார். அந்த வருமானத்துக்கும் கடனுக்கும் நடுவே தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும், குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிவதற்கு முன் எழுதிய உயிலில், கொடுக்க வேண்டிய கடைப் பாக்கிகளையும் குறித்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நாடு கொடுக்க வேண்டிய பாக்கி அதில் இல்லை.

போன வருடம் பேத்தி பள்ளியில் மாறுவேடப் போட்டிக்கு வ.உ.சி. வேடம் கேட்டாள். அட்டையில் சங்கிலி செய்து கொடுத்தோம். போட்டி முடிந்து வந்து, "ஜெயில்ல இருந்து வந்தப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எங்கள் தலைமுறை கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தேசப்பற்று குறைந்துவிட்டது என்கிற கட்டுரையாளர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

செப்டம்பர் 5 அவருடைய பிறந்தநாள். ஆசிரியர் தினமும் அன்றே வருவதால் பள்ளிகளில் அவர் ஓரமாகிவிடுகிறார். எனவே நினைவு நாளையாவது தங்கள் இதழ் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வாரம் நான்கு பக்கம் ஒதுக்கி, 1912 முதல் 1936 வரையிலான அவருடைய வாழ்க்கையை மட்டும் எழுதச் செய்யுங்கள். கப்பல் படமும் செக்குப் படமும் வேண்டாம்; காந்தியோடு நடந்த கடிதங்களை அப்படியே தமிழில் போடுங்கள். படித்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற கடிதங்களுக்கும், அவை வ.உ.சி.யையோ காந்தியையோ கேள்வி கேட்பதாக இருந்தாலும், இதே பகுதியில் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கோவில்பட்டி