குடல் பாக்டீரியாவையும் கொஞ்சம் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய செய்திகளில், நம் உடலோடு ஒத்து வாழும் பாக்டீரியாக்களுக்கு இடமே இருப்பதில்லை. இது பெரிய குறை.

சாதாரண சளிக்கு விழுங்கும் ஆன்டிபயாடிக், சளியைத் தந்த வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். அவற்றில் சில, பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றி, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியைத் தலையெடுக்க விடாமல் வைத்திருப்பவை. அவை போய்விட்டால் அந்தக் கிருமி பெருகி, உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். அது திரும்பத் திரும்ப வராமலிருக்க, ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் 2022இல் இதற்கு முறையான அனுமதியே கிடைத்துவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆன்டிபயாடிக்குக்குத் தப்பிய சாதுவான பாக்டீரியா, தன் எதிர்ப்பு மரபணுவை பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து, பக்கத்திலுள்ள நோய்க்கிருமிக்குக் கைமாற்றிவிடும். 2019இல் மட்டும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர்