மாலை நேரக் கற்றல் மையங்களுக்கு நிரந்தர நிதித் தலைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புயல், பெருந்தொற்று போன்ற நெருக்கடிகளை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வரும் சிறப்பு நிதி தீர்ந்த பின், அதனால் தொடங்கப்பட்ட கற்றல் பணிகள் என்னவாகின்றன என்பது பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய பணி தொடங்கும் நாளில் மேடையும் புகைப்படமும் உண்டு. அது முடிகிற நாள் அந்தத் தெருப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் தெரிவதில்லை.

நான் பணியில் இருந்தபோது, வெளியூர் அமைப்பு ஒன்று மூன்றாண்டு நிதியுடன் எங்கள் ஊருக்கு வந்து, மீன் ஏலக்கூடத்தில் மாலை வகுப்பு தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி, பாய்கள், புத்தக அலமாரி எல்லாம் வந்தன. உள்ளூர்ப் பெண் ஒருவரை மாதத் தொகைக்கு அமர்த்தினார்கள். கணிதத்தில் பட்டம் பெற்றிருந்த அவருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். எந்தப் பிள்ளையின் தாய் கடல்பாசி எடுக்கப் போய் இன்னும் திரும்பவில்லை, எந்தப் பையன் வலை இழுத்த களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான் என்பதையெல்லாம் அறிந்து, அதற்கேற்ப யாரை முன் வரிசையில் அமர்த்துவது, யாருக்கு முதலில் சுண்டல் கொடுப்பது என்று முடிவு செய்வார். மூன்றாம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி வாரத்தில், நிதி முடிந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஒரு மாத முன்னறிவிப்புக்கூட இல்லை. அந்தப் பெண் பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். தொலைக்காட்சி இன்றும் பள்ளியில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது என்றும் கேள்விப்படுகிறேன்.

எங்கள் பகுதியில் கடலுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மானியத்திலோ கடனிலோ வாங்கிய படகு கரையில் நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை கடலுக்குப் போகவும் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், ஆள் வேண்டும். சிறப்பு நிதி எப்போதும் படகை வாங்கித் தந்துவிட்டு, டீசலுக்கு வழி சொல்லாமல் போய்விடுகிறது.

கடல் தாண்டி ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 2020 மார்ச்சுக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் நிறைவேறிய மூன்று சட்டங்களின் வழியாக ஏறத்தாழ 19,000 கோடி டாலர் பள்ளிகளுக்கான அவசர நிவாரணமாக ஒதுக்கப்பட்டது. மூன்றாவது தவணையில் உள்ளூர்க் கல்வி நிர்வாகங்கள் பெற்ற பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது கற்றல் இழப்பை ஈடு செய்யவே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தவணையை எந்தச் செலவுக்கு என்று உறுதி செய்வதற்கான கெடு 2024 செப்டம்பர் 30 என்பது தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களையும் துணைப் பயிற்றுநர்களையும் நிலையான பணிபோல நியமித்த நிர்வாகங்கள் கெடு நெருங்கியபோது ஆட்குறைப்பு செய்ய வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரும் பணமும் அவ்வளவு தெளிவான கெடுவும் இருந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், கெடு எது என்றே சொல்லப்படாத நம் சிற்றூர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 200 கோடி ரூபாயில், ஆறு மாத காலத்துக்கு என்று திட்டமிடப்பட்டுத் தொடங்கிய அது, பல லட்சம் பிள்ளைகளைத் தெருமுனையிலும் திண்ணையிலும் உட்கார வைத்தது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கணக்குப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். எங்கள் ஊர்க் கடையில் நாலு டீயின் விலை. தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கொண்டு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு, பள்ளிகள் மீண்டும் திறந்த ஆறு மாதத்துக்குள் பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடு செய்யப்பட்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்ததையும் காட்டியது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தந்த கல்விச் செலவு வேறு ஏதேனும் உண்டா என்று எனக்குத் தெரிந்தவரை யோசித்துப் பார்த்தேன். எளிதில் நினைவுக்கு வரவில்லை. திட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் நீட்டிப்பு என்ற சொல்லிலேயே, அடுத்த ஆண்டு இருக்குமோ இருக்காதோ என்ற நிச்சயமின்மையும் அடங்கியிருக்கிறது. இழப்பு ஈடு செய்யப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தில் மையங்களும் தன்னார்வலர்களும் பிற்பாடு குறைக்கப்பட்டனர்.

இந்த இடத்தில்தான் இராமநாதபுரம் கடற்கரையின் நிலை மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. பெருந்தொற்று ஒருமுறை வந்தது. எங்கள் பிள்ளைகளின் பின்தங்கலோ ஆண்டுதோறும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் இருக்காது; குடும்பமே வேறு பிழைப்புத் தேடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கும் விடுமுறை, கடலுக்கும் விடுமுறை. தகப்பன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டில், எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த பையன் அடுத்த வாரமே வத்தை என்னும் சிறு படகில் ஏறிவிடுவான். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பதநீர்ப் பருவம் வந்துவிட்டால் பனையேறும் குடும்பங்கள் தோப்புக்குள் விடிலி என்னும் ஓலைக் குடிசை போட்டுத் தங்கிவிடும். பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை கருப்பட்டி காய்ச்சும் அடுப்பருகே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கும். பருவம் முடிந்து திரும்பி வந்து வகுப்பில் உட்காரும்போது, முன்பு கூட்டி வாசித்த எழுத்துகளும் மறந்திருக்கும்.

தடைக்காலம் ஆண்டுதோறும் வரும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே தடைக்கால நிவாரணத் தொகைக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்படுகிறது. அதற்காக எந்த மீனவரும் ஒரு புதிய பேரிடரைக் காட்ட வேண்டியதில்லை. அதே தடைக்காலத்தில் அதே வீட்டில் பிள்ளையின் படிப்பில் விழும் பள்ளத்துக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் ஒரு பெருந்தொற்றோ, வெளியூர் அமைப்போ, ஒரு புரவலரோ வந்தாக வேண்டும் என்பதே என் கேள்வி.

வரவு செலவுத் திட்டத்தில் ஒரு செலவுக்கென்றே ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் நிரந்தரத் தலைப்பின் வலிமை என்னவென்று தமிழகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1920 இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அன்றைய அரசு அனுமதிக்காததால் சில ஆண்டுகளில் அது தடைப்பட்டது. காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் மாநில நிதியில் இடம் பிடித்தபின் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் அந்த வழியிலேயே விரிந்தது. சத்துணவு ஊழியருக்கு ஒரு பணியிடம் உண்டு, ஒரு தலைப்பு உண்டு, தணிக்கையில் காட்டக் கணக்கேட்டில் ஒரு வரி உண்டு. மாலையில் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத்தருபவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஊர் எவ்வளவு செய்ய முடியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஊராட்சிகளுக்கு 2021-26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுண்டது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ பயன்படுத்தக் கூடாது என்பது விதி. மாலை வகுப்பு ஊக்கத்தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஊராட்சிச் செயலர் கேட்டால், அவரைக் குறை சொல்வதற்கில்லை. போதாக்குறைக்கு, எங்கள் மாவட்டத்துக் கிராம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் பள்ளி மானியம் சுண்ணாம்புக்கும் கழிப்பறைப் பராமரிப்புக்கும் மின் பழுதுக்குமே சரியாகப் போய்விடும். அந்தத் திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கே 2024-25 இல் நிறுத்தி வைக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை நாடறியும். நிலையானது என்று நாம் எண்ணியிருந்த பணமும் நிற்கலாம் என்று அப்போதுதான் கண்டோம்.

வணிகர்கள் பொதுக்காரியத்துக்கு எடுத்து வைக்கும் மகமையும், வீடுதோறும் சேர்க்கும் பிடியரிசியும் பள்ளிக்கூடம் நடத்திய வரலாறு நம் தெற்குச் சீமைக்கு உண்டு. காமராசர் படித்த விருதுநகர்ப் பள்ளிக்கே பிடியரிசி துணை நின்றிருக்கிறது. எங்கள் கடற்கரையிலும் கோயிலுக்கோ, தேவாலயத்துக்கோ, பள்ளிவாசலுக்கோ பிடிபட்ட மீனில் பங்கு எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள ஊர்கள் இருக்கின்றன. கீழக்கரை போன்ற ஊர்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கல்விக்குக் கொடுக்கும் கைகளும் உண்டு. அவற்றைக் கொண்டு இடம், விளக்கு, பாய், சுண்டல் ஆகியவற்றை ஊர் ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் கற்பிப்பவரின் மாதத் தொகையை ஊரின் தலையில் கட்டினால், மீன் பட்ட ஆண்டில் வகுப்பு நடக்கும், படாத ஆண்டில் நின்றுவிடும். வகுப்பு மிகவும் தேவைப்படுவது மீன் படாத ஆண்டில்தான். தவிரவும், புரவலர் உள்ள ஊருக்கு வகுப்பு, இல்லாத ஊருக்கு இல்லை என்றாகிவிடும். வாலிநோக்கத்தையும் மோர்ப்பண்ணையையும் கீழக்கரையோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை குறுகியது. கடலோர ஊராட்சிகளில் நடக்கும் மாலை நேரக் கற்றல் மையங்களின் பயிற்றுநர் தொகைக்கு மாநில வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒன்று உருவாக்கப்பட வேண்டும். மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், பத்து மாதத்துக்கு ஒரு மையத்துக்கு 30,000 ரூபாய். 20 பிள்ளைகள் என்றால் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய். இல்லம் தேடிக் கல்வியில் தந்த 1,000 ரூபாயை நான் கேட்கவில்லை, ஏனென்றால் ஜவுளிக்கடைக்குப் போன அந்தப் பெண்ணை அந்தத் தொகையில் இனி யாரும் திரும்ப அழைக்க முடியாது. பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்குக்கு ஜூன் மாதத்திலேயே வர வேண்டும். பிப்ரவரியில் வந்து மார்ச் 31 க்குள் செலவு செய்து காட்டு என்றால், வாங்கக் கிடைப்பது இன்னொரு தொலைக்காட்சிதான். அந்தப் பத்து மாதம் எது என்பதையும் சென்னையில் முடிவு செய்யாமல் குழுவிடமே விட்டுவிடலாம். விசைப்படகு ஊர் தடைக்காலத்தைச் சேர்த்துக்கொள்ளும். பனை ஊர் பதநீர்ப் பருவத்தில் தோப்புக்கே பயிற்றுநரை அனுப்பிக்கொள்ளும்.

சிறப்பு நிதி இனியும் வரும்; வரட்டும். அலமாரி, புத்தகம், சூரிய மின்விளக்கு, பயிற்றுநருக்கான பயிற்சி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு அது மிகவும் பொருத்தமானது. அந்தப் பணத்தில் ஓர் ஆளை அமர்த்துவதானால், தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும், அதன்பின் அந்தத் தொகையை யார் ஏற்பார் என்பதையும் எழுத்தில் தந்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். ஏற்பவர் யாருமில்லை என்றால், குறைந்தது ஓராண்டு முன்பே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வரும் மார்ச் 31 உடன் நிதி முடிகிற கற்றல் திட்டங்கள் எவை, அவை எந்தெந்த ஊர்களில் நடக்கின்றன, எத்தனை பிள்ளைகள் அவற்றில் இருக்கின்றனர் என்ற பட்டியலைத் தயாரித்து, ஜனவரி 26 கிராமசபைக் கூட்டங்களில் வாசிக்கச் செய்யலாம். அதற்குத் தனி நிதி எதுவும் தேவைப்படாது. படகுகள் கரையேறும் ஏப்ரல் 15 க்கு முன், எங்கள் ஏலக்கூடத்தில் மாலையில் விளக்கெரியுமா எரியாதா என்பது தாய்மார்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
தொண்டி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.