சுரங்கச் சுவரை வரைந்துவிட்டு மூடுங்கள்

தமிழ்நாடு அரசு புவியியல் மற்றும் சுரங்கத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரியலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பாறைகளை ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் வரைந்து, 1862-ல் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தார். இன்றும் அந்தப் பெயர்கள்தான் வழக்கில் இருக்கின்றன. அன்றைக்குப் பூமிக்குள் எட்டிப் பார்க்க ஓடைக்கரையை விட்டால் கிணற்று வெட்டுதான். இன்றைக்கு எங்களைச் சுற்றி எத்தனை சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்!

கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய குழியின் விளிம்பில் நின்று பாருங்கள். மேலே கரிசல். அதன் கீழே மஞ்சள் பாய்ந்த மண். அப்புறம் சிப்பி ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல். ஓட்டைக் கையில் எடுத்தால் கனக்கும், வளைவுகூடத் தேயாமல் இருக்கும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முன் இது கடல் என்று சொன்னால் என் பேத்தி நம்பவில்லை. அந்த ஓட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு நம்பினாள்.

கல் எடுத்து முடிந்ததும் குழியில் தண்ணீர் நின்றுவிடுகிறது, அல்லது மண் கொட்டி மூடிவிடுகிறார்கள். அதோடு அந்த அடுக்கும் கண்ணை விட்டுப் போய்விடும். மத்திய அரசின் 1:50,000 அளவு நிலவியல் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். சரி, அதில் அரைக் கிலோமீட்டர் நீளக் குழி ஒரு சென்டிமீட்டர். சிப்பி அடுக்கு எத்தனை அடி, அதன்மேல் என்ன, எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது என்பதெல்லாம் அதற்குள் அடங்காது.

இது படிப்பாளிகளுக்கு மட்டுமான விஷயமில்லை. இங்கே அடுக்குகள் பொதுவாகக் கிழக்கே சரிந்து கிடக்கின்றன; அதனால் அடியில் கிடக்கும் அடுக்கு மேற்கே போகப் போக மேலே வந்துவிடும். மேற்கே காரை என்ற ஊர்ப் பக்கம் எங்கள் உறவினர் நிலத்தில் போர் போட்டபோது, இறங்க இறங்கச் சாம்பல் நிறக் களிமண்தான் வந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை, கடன் மட்டும் நின்றது. அங்கே களி எவ்வளவு ஆழம் என்று ஒருவர் முன்பே காட்டியிருந்தால் அந்த உறவினர் ரிக் வண்டியைக் கூப்பிட்டே இருக்க மாட்டார்.

நான் கேட்பது இதுதான். எந்தச் சுரங்கத்தையும் மூட அனுமதிக்கும் முன், ஒரு நிலவியலாளர் அதன் சுவரை அடி அடியாக அளந்து, படம் எடுத்து, வரைந்து தரவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அடுக்குக்கு ஒரு கையளவு மாதிரிக் கல்லும் எடுத்து வைக்கட்டும். அந்த வரைபடம் சர்வே எண்ணோடு, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கட்டும்.

கைவிட்ட குழிகளைக் கோடையிலேயே தொடங்கிவிடுங்கள். அப்போதுதான் தண்ணீர் இறங்கி அடிச்சுவர் தெரியும். ஐப்பசி மழை வந்துவிட்டால் அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அரியலூர் மாவட்ட விவசாயி ஒருவர்