கண்ணைத் திறந்தே வைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனப்பதற்றம் பற்றிய தங்கள் கட்டுரை 'ஆழமாக மூச்சு இழுங்கள்' என்பதோடு நின்றுவிட்டது. இரவுப் பணி பார்க்கும் செவிலியான எனக்கு அது போதவில்லை. படபடப்பில் இருப்பவர் ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடலாம். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும்.

அதுவும் முடியாதவரிடம் கண்ணை மூடச் சொல்வதில்லை. மூடினால் சிலருக்குப் பயம் கூடும். கட்டிலின் கம்பியைப் பிடிக்கச் சொல்வேன்: குளிர்ச்சியா, சொரசொரப்பா? பிறகு கண்ணில் படும் 5 பொருட்கள், தொட முடிகிற 4, காதில் விழும் 3 ஒலிகள், 2 மணங்கள் (மருத்துவமனையில் அதற்கா பஞ்சம்!), 1 சுவை என ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வேன். பலருக்கு ஒலிகளுக்கு வருமுன்பே தோள்கள் தளர்ந்துவிடும்.

நெஞ்சுவலியும் சேர்ந்திருந்தால் எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த கட்டுரையில் இதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

- செவிலியர் ஒருவர்